குதிரைக்கு மண் மிதித்தவர்கள்

வெண்கலச் சிலைக்கும் கருங்கல் சிலைக்கும் நம் பாடப்புத்தகத்தில் இடம் உண்டு. சுட்டமண் சிலைக்கு இல்லை. இருந்தாலும் 'நாட்டுப்புறக் கலை' என்ற தலைப்பில் ஒரு பத்தி, ஒரு படம், அவ்வளவுதான். ஆனால் இந்த மண்ணில் நெருப்பில் வெந்து நிமிர்ந்த சிற்பங்களில் ஆகப் பெரியது அய்யனார் கோயில் குதிரை. ஆள் உயரம் சாதாரணம். இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டியவையும் உண்டு. உள்ளே இரும்புக் கம்பி இல்லை, கல் இல்லை. குளத்து மண்ணும் மணலும் உமியும் வைக்கோலும் சேர்ந்து, தீயில் இறுகி, நான்கு காலில் நிற்கும் ஓர் உருவம் அது.

நான் வேடசந்தூர்க்காரி. குடகனாறு எங்கள் ஊர் வழியாக ஓடிக் கரூர்ப் பக்கம் அமராவதியில் சேர்கிறது. மழை குறைந்த செம்மண் பூமி. புகையிலைக்கும் நூற்பாலைக்கும் பெயர் போனது. இங்கிருந்து திண்டுக்கல், நத்தம் என்று தெற்கே போகப்போக அய்யனார் கோயில்களில் குதிரைகள் கூடிக்கொண்டே போகும். நத்தம் பக்கத்துக் கிராமங்களில் புரவி எடுப்பு இன்றைக்கும் ஊர் கூடிச் செய்யும் விழா. திண்டுக்கல்லை ஒட்டிய நொச்சி ஓடைப்பட்டியில் கார்த்திகை விளக்கும் பானையும் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன.

இந்தக் குதிரைகளை யார் செய்தது என்று கேட்டுக்கொண்டு நான் சில வருடங்களாக அலைகிறேன். எந்த ஊரில் கேட்டாலும் ஓர் ஆணின் பெயரைச் சொல்வார்கள், பின்னால் 'வேளார்' என்று சேர்த்து. பொய்யில்லை. அவர்தான் செய்தார். ஆனால் அவர் கைக்கு அந்த மண் வந்து சேர்வதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால், பேச்சு வீட்டின் பின்கட்டுக்குப் போகிறது. அங்கே யாருக்கும் பெயர் இல்லை. 'வீட்டுப் பொம்பளைங்க' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பின்கட்டைப் பற்றியது.

மண்ணிலிருந்து தொடங்குவோம். வெறும் களிமண்ணில் அகல் விளக்கு செய்யலாம், குதிரை செய்ய முடியாது. களிமண் காயும்போது சுருங்கும். நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பங்கு வரைகூடச் சுருங்கும். கையளவுப் பொருளில் அது தெரியாது. ஆறடி உடம்பில் அந்தச் சுருக்கம் விரற்கடைக் கணக்காக வரும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்க, உள்பக்கம் ஈரத்தோடு அப்படியே நிற்க, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிளந்துவிடும்.

அதைத் தடுக்க மணல் சேர்க்கிறார்கள். மணல் சுருங்காது. களிமண்ணுக்குள் அது எலும்பு போல நின்று மொத்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது. நறுக்கிய வைக்கோல் சேர்ப்பது வேறொரு காரணத்துக்கு. ஈர மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வைக்கோல் இழை அந்த இழுப்பை வாங்கிக்கொள்கிறது. உமிக்கு மூன்றாவது வேலை. சூளையில் உமி எரிந்து போய், இருந்த இடத்தில் சின்னச் சின்னத் துளைகளை விட்டுச் செல்கிறது. தடித்த மண்சுவருக்குள் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகும்போது வெளியேற வழி வேண்டும். வழி இல்லையென்றால் வெடிக்கும். உமி கலந்த மண்ணில் அந்த வழி இருக்கிறது. குதிரையின் எடையையும் அது குறைக்கிறது.

ஒரு பொருளின் பலவீனத்தை இன்னொரு பொருளின் பலத்தால் ஈடு செய்வதை இன்றைய பொறியியல் கூட்டுப்பொருள் என்கிறது. கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்யும் ஃபைபர் சிலையும் இதே கணக்குத்தான். ஃபைபர் சிலைக்குக் கலவை விகிதம் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும். குதிரை மண்ணுக்கு விகிதம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதவும் முடியாது. ஒவ்வொரு குளத்து மண்ணிலும் மணல் ஒவ்வொரு அளவில் இருக்கும். ஒரே குளத்தில் கரை மண் வேறு, நடுக்குளத்து மண் வேறு. மழை பெய்த வருடத்து வண்டல் வேறு, பொய்த்த வருடத்து வண்டல் வேறு. ஆகவே விகிதம் கையில்தான் இருக்க வேண்டும், காலிலும்.

அந்தக் கையும் காலும் பெரும்பாலும் பெண்களுடையவை. மண் வெட்டுவது ஆண்கள். வந்து கொட்டிய மண்ணைக் காயவைத்து, கட்டி உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, சலித்து, ஊறப்போட்டு, மணலும் உமியும் சேர்த்து, மிதித்துப் பதம் பார்ப்பது நான் பார்த்த வீடுகளில் எல்லாம் பெண்கள். மிதிக்கும் வேலையில் ஆண்களும் சேர்வதுண்டு. ஆனால் 'போதும்' என்று சொல்வது யார் என்று கவனித்திருக்கிறேன். குதிகாலில் ஒட்டுகிற மண் எப்படிப் பிரிகிறது என்பதில் அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பிடி எடுத்து விரல் தடிமனுக்குத் திரித்து வளைத்துப் பார்க்கிறார்கள். வளைவின் முதுகில் வெடிப்பு விட்டால் மணல் கூடுதல். வெடிக்காமல் வழவழவென்று வளைந்தால் களி கூடுதல், காயும்போது மோசம் செய்யும். வயதான ஒருவர் மண்ணைத் துளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். உவர் மண் என்றால் சுட்ட பிறகு மேலே வெள்ளை பூத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். இது சோதனைச்சாலை இல்லையென்றால் வேறு எதைச் சோதனைச்சாலை என்பது?

அடுத்தது கட்டுமானம். சின்னக் குதிரைக்குக் காலையும் வயிற்றையும் சக்கரத்தில் வனைந்து பிறகு ஒட்டுவதுண்டு. பெரிய குதிரைக்குச் சக்கரம் உதவாது. மண்ணைத் தடித்த கயிறாகத் திரித்து, வளையத்தின் மேல் வளையமாக ஏற்றி, தட்டித் தட்டிச் சுவராக்க வேண்டும். முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடாக. அவை ஓரளவு காய்ந்து இறுகினால்தான் வயிற்றின் பாரத்தைத் தாங்கும். வயிறு இறுகிய பிறகு கழுத்து, கழுத்து இறுகிய பிறகு தலை. ஒவ்வொரு நிலைக்கும் காத்திருக்க வேண்டும். ஆனால் கடைசியாக வைத்த வளையம் முழுக்கக் காய்ந்துவிட்டால் புது மண் அதோடு ஒட்டாது. அதனால் விளிம்பில் ஈரத்துணி போட்டு, வெயில் ஏறினால் தண்ணீர் தெளித்து, இறங்கினால் துணியை எடுத்து, நாள் முழுக்க ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சோறு வடிக்கிற நேரத்துக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்துக்கும் நடுவில் இதைப் பார்த்துக்கொள்வது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு நெருப்பு. இவ்வளவு பெரிய உருவைத் தூக்கிச் சூளைக்குள் வைக்க முடியாதபோது, சூளை குதிரையிடம் வரும். நிற்கிற இடத்திலேயே அதைச் சுற்றி விறகும் வரட்டியும் வைக்கோலும் அடுக்கி, ஓட்டாஞ்சில்லு வைத்து, மேலே சேற்றை மெழுகி மூடுவார்கள். கூடாக இருக்கும் உடம்புக்குள்ளும் எரிபொருள் போகும். முதலில் மூட்டம் மட்டும். நீர் மெல்ல வெளியேற வேண்டும், அவசரப்பட்டால் வெடிப்பு. பிறகுதான் தழல். இந்த வகைத் திறந்த சூளையில் வெப்பம் 700, 800 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். நடுவில் 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். சூளையை அவசரமாகப் பிரித்தால் குதிரை விண்டுபோவதற்கு ஒரு காரணம் இது. அந்த எண் யாருக்கும் தெரியாது. ஆனால் எத்தனை வரட்டி, எந்த மாட்டுச் சாணம், எந்தப் பக்கம் காற்று, எப்போது பிரிப்பது என்பது தெரியும். வரட்டி தட்டுவதும் பெண்கள் வேலை என்பதால் எரிபொருள் கணக்கில் பாதி அவர்களிடம் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு சடங்குக்கு வருவோம். சடங்கில்தான் யார் செய்தார்கள் என்பதை ஊர் அறிவிக்கிறது. குதிரை செய்யச் சொல்லும் ஊர், வேளாரிடம் பிடிமண் கொடுக்கும். ஊர் மண்ணில் ஒரு பிடி. அதை வாங்கிக்கொண்டால் ஒப்பந்தம் முடிந்தது. வாங்குவது ஆண் கை. வேலை முடிந்ததும் கண் திறப்பு. கண் எழுதுகிற கணத்தில்தான் மண் தெய்வமாகிறது. எழுதுவதும் ஆண் கை. மாலை, வேட்டி, துண்டு, ஊர்ப் பங்கு எல்லாம் அந்தக் கைக்கு. மதுரை வட்டாரத்து வேளார்கள் பலர் அய்யனார் கோயில் பூசாரிகளும்கூட. விழாவன்று குதிரையைத் தோளில் சுமப்பது ஆண்கள். பெண்களுக்கு முளைப்பாரி, குலவை. பிள்ளை வரத்துக்கு மண் மதலை நேர்ந்து வைப்பது பெண். அந்த மதலைக்கு மண் மிதித்ததும் பெண். நடுவில் நடக்கும் கைமாற்றம் மட்டும் ஆண்களுக்குள்.

இதற்குச் சொல்லப்படும் காரணம் சக்கரம். பெண் சக்கரத்தைத் தொடக்கூடாது என்ற விலக்கு இந்தியாவின் பல பகுதிகளில் குயவர் குடும்பங்களில் உண்டு. எங்கள் பக்கமும் உண்டு. தீட்டு நாட்களில் சூளைப் பக்கமே வரக்கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். பெரிய குதிரைக்குச் சக்கரமே தேவையில்லையே? வளையம் ஏற்றித் தட்டிக் கட்டும் வேலையில், அடுப்பும் குதிரும் கையாலேயே செய்து பழகிய பெண்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஒரு வீட்டு நெற்குதிர் ஆள் உயரம் இருக்கும். அதையும் மண்ணோடு வைக்கோல் சேர்த்து வளையம் வளையமாகத்தான் எழுப்பினார்கள். குதிருக்குத் தீ இல்லை, தெய்வம் இல்லை, கூலி இல்லை. அதனால் அதைப் பெண் செய்யலாம். குதிரைக்கு மூன்றும் உண்டு. விலக்கு எதன் மேல் என்பது இப்போது தெரிகிறது. சக்கரம் ஒரு சாக்கு. காக்கப்படுவது கண் திறக்கும் உரிமையும், அதோடு வரும் ஊர் மரியாதையும், கூலியும்.

இது இயற்கை விதி இல்லை என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். மணிப்பூரில் ஆந்த்ரோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே பானை செய்வது திருமணமான பெண்களின் உரிமை. சக்கரம் கிடையாது. பானை நிற்க, அவர்கள் அதைச் சுற்றி நடந்து உருவாக்குகிறார்கள். அதே மாநிலத்தின் தோங்ஜாவைச் சேர்ந்த மட்பாண்டக் கலைஞர் நீலமணி தேவிக்கு 2007இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆப்பிரிக்காவில் பல சமூகங்களில் பானை செய்வது பெண்களின் தொழில். நைஜீரியாவின் லாடி குவாலி தன் அத்தையிடம் வளையம் ஏற்றிப் பானை கட்டக் கற்றவர். பெரிய நீர்க்குடங்களால் உலகம் அறிந்தவர். 1984இல் இறந்த அவருடைய படம் அந்நாட்டு 20 நைரா நோட்டில் இருக்கிறது. மண்ணும் தீயும் ஒன்றுதான். யாருக்கு உரிமை என்பதை முடிவு செய்தது ஊர்.

நம்மிடமும் பழைய சாட்சி ஒன்று உண்டு. புறநானூற்றின் 66ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணி இன்றைய கோயில்வெண்ணி. கரிகாலன் வென்ற போரைப் பாட வந்தவர், வென்றவனிடமே, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனை உன்னைவிட நல்லவன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். குயத்தி என்பது அவர் தொழிலைச் சொல்கிறதா, குலத்தைச் சொல்கிறதா என்று பேசலாம். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்க முடியாது. ஊரும் தொழிலும் மிஞ்சின, பெயர் மிஞ்சவில்லை. அதே நூலின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவனிடம், தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்கிறாள். ஆதிச்சநல்லூரில் கிடைத்த தாழிகளைப் பார்த்தவர்களுக்கு அவள் கேட்டது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். இங்கே வனைபவன் ஆண், கேட்பவள் பெண். அந்தப் பாட்டைப் பாடியவர் பெயரும் கிடைக்கவில்லை. அந்தத் தாழிக்கு மண் மிதித்தவர்கள் பாட்டுக்குள்ளேயே வரவில்லை.

நவீன ஆய்வு வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. எட்கர் தர்ஸ்டனின் சாதிகளும் பழங்குடிகளும் 1909இல் ஏழு தொகுதிகளாக வந்தது. அதில் குயவர்கள் ஒரு சாதிப் பதிவு. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1968இல் பிலடெல்பியாவில் நடத்திய 'அறியப்படாத இந்தியா' கண்காட்சி, கிராமத்துச் சடங்குக் கலையைக் கலை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. ஒரு பெண் செய்த பெரிய காரியம் அது. மதுரை வேளார்களைப் பற்றி ஸ்டீபன் இங்கிலிஸ் 1984இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பைத் தமிழில் 'படைப்போரும் பிரதிஷ்டை செய்வோரும்' என்று சொல்லலாம். வேளார்களின் இரட்டைப் பொறுப்பைச் சரியாகப் பிடிக்கும் தலைப்பு. ஆனால் அதை என் பக்கத்திலிருந்து படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. படைத்தல் எங்கே தொடங்குகிறது? உருவம் தெரியத் தொடங்கும் இடத்திலா, கலவை சரியாகும் இடத்திலா? முதலாவது என்றால் பெண்கள் உதவியாட்கள். இரண்டாவது என்றால் படைப்போர் என்ற சொல்லுக்குள் அவர்களும் வருகிறார்கள். டெல்லியின் கைவினை அருங்காட்சியகத்திலும் சென்னைக்கு அருகே தட்சிணசித்ராவிலும் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன. அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மாணவிகளிடம் இந்தக் கேள்வியைத்தான் கொடுக்க விரும்புகிறேன்.

இது பழங்கதை பேசும் ஆசை இல்லை. குதிரையே மாறிக்கொண்டிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், 30 அடிக்கும் மேல் உயரமான குதிரை நிற்கிறது. மாசி மகத்தில் அதன் உடம்பு காகித மாலையில் மறைந்துபோகும். அது சூளையில் சுட்டதல்ல, கட்டி எழுப்பியது. அப்படிக் கட்டும் மரபும் பழையதுதான். ஆனால் இப்போது சுட்டமண் குதிரை நின்ற ஊர்களிலும் சிமென்ட் குதிரை வருகிறது. எங்கள் வேடசந்தூரிலிருந்து குஜிலியம்பாறைப் பக்கம் போனால் கரிக்காலியில் சிமென்ட் ஆலையே இருக்கிறது. மூட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒருமுறை கட்டினால் பல வருடம் நிற்கும், வண்ணம் மட்டும் பூசினால் போதும் என்கிறார்கள். நியாயம்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மண் குதிரை மழையில் நனைந்து, விரிசல் விட்டு, காது விழுந்து, மண்ணோடு மண்ணாகும். அடுத்த எடுப்புக்குப் புதிய குதிரை வேண்டும். ஒவ்வொரு முறையும் மண் வரும், மிதிப்பார்கள், மகள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அறிவு அந்த வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போனது. சிமென்ட் குதிரைக்குக் கொத்தனார் வருவார், கம்பி கட்டுபவர் வருவார், பெயின்டர் வருவார். மூவரும் ஆண்கள். பெண்ணுக்கு அங்கேயும் வேலை உண்டு. கலவைச் சட்டி தூக்கும் சித்தாள் வேலை. அதில் பதம் பார்க்க அவளுக்கு ஒன்றும் இல்லை. விகிதம் மேஸ்திரியிடம் இருக்கிறது. மண் வேலையில் பெயர் இல்லாவிட்டாலும் தீர்ப்புச் சொல்லும் இடம் அவளிடம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. அவள் மகள் காலையில் நூற்பாலை வேனில் ஏறுகிறாள். அங்கேயும் முதல் வேலை பஞ்சைக் கலப்பதுதான். எந்தப் பஞ்சு எவ்வளவு என்பது மேலிருந்து வரும் சீட்டில் எழுதியிருக்கும்.

மண் கிடைப்பதே பாடு என்பது இன்னொரு பக்கம். குளத்தில் மண் எடுக்க அனுமதி வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதை எல்லாக் குயவர் தெருவிலும் உண்டு. வண்டலும் களிமண்ணும் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று தமிழ்நாடு அரசு 2024இல் எளிதாக்கியது நல்ல செய்தி. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு நலவாரியமும் இருக்கிறது, மழைக்கால நிவாரணமும் இருக்கிறது. ஆனால் எல்லாமே 'தொழிலாளி யார்' என்ற கேள்வியில் வந்து நிற்கின்றன. பதிவு செய்ய வருபவரிடம் பானை வனைவாரா என்று கேட்டால், பெண் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். மண் பதப்படுத்துவாரா, வரட்டி தட்டுவாரா, சூளை அடுக்குவாரா, சந்தையில் விற்பாரா என்று கேட்டால், நான்குக்கும் ஆம் என்று சொல்வார். கேள்வியை மாற்றினால் தொழிலாளி எண்ணிக்கையே மாறும்.

ஆகவே மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குயவர் தெரு இருந்தால், அங்கே உள்ள மூத்த பெண்களிடம் போங்கள். வரலாறு சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், தனக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். எந்தக் குளத்து மண், எத்தனை சட்டி மண்ணுக்கு எத்தனை சட்டி மணல், உமி எப்போது சேர்க்க வேண்டும், மழைக்காலத்தில் எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். பதில் நிற்காமல் வரும். அதை அளவோடு எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவரின் பெயரை, அவர் சம்மதித்தால், அவர் சொல்கிறபடியே முழுதாக எழுதுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று எழுத வேண்டாம். குதிரையின் கண்ணை யார் திறந்தார் என்பது ஊருக்கே தெரியும். அந்தக் குதிரை தீயில் வெடிக்காமல் நின்றது யாரால் என்பது, நாம் எழுதினால்தான் தெரியும்.